டிரைவர் மாற்றினேன், கார்டு பறக்கவில்லை

விசேஷ வீடியோக்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட் செய்யத் தொடங்கியிருந்தேன். “புது டிரைவர் சாஃப்ட்வேர் போட்டா கிராபிக்ஸ் கார்டு பறக்கும் மதினி” என்ற கொழுந்தனாரை நம்பி, பேரையூர்க் காதுகுத்து வீடியோவைக் குழந்தையின் தாய்மாமன் துபாய் கிளம்புமுன் தருவதாக ஒப்புக்கொண்டேன். கார்டை இயக்கும் அந்த டிரைவரைப் போட்டும், வீடியோ தயாராகும் வேகம் லேசாகத்தான் கூடியது.

“அம்புட்டுத்தானா?”

“கார்டு பழசுதானே மதினி!” என்று சிரித்தார். எனக்கு அழுகையே வந்தது.

நேரத்தை இழுத்த பறக்கும் பூக்கள், சுழலும் படங்கள் போன்ற அலங்காரங்களையெல்லாம் நீக்கி, தாய்மாமன் சீர்வரிசையை முழுதாக வைத்து முடித்தேன். சரிதானா என்ற பயத்துடனே கொடுத்தேன்.

பார்த்த தாய்மாமன், “என் சீர் ஒண்ணுவிடாமத் தெரியுதே தங்கச்சி! மத்தவுக வீடியோல பூவுதான் தெரியும்” என்றார். பெருமை தாங்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தே வீடியோ தரும் நாளைச் சொல்கிறேன். புது டிரைவர் போடுவதெல்லாம் கையிலுள்ள வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான்.