மூணு மிதி கேக்கும் வேன்

அப்பாவின் பழைய காருக்கு டிஸ்க் பிரேக் போட்டால் என்ன என்ற எண்ணம், ஒரகடம் சாலையில் ஒரு லாரியை இடிக்காமல் மயிரிழையில் நின்றபோது வந்தது. நானே மாட்டினேன். ஆனால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டது. இரண்டாவது மிதியில்தான் பிடித்தது.

எதிர்வீட்டு வேன்காரர் ஓட்டிப் பார்க்க வந்தார். கம்பெனி ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிறவர். மை பூசிய மீசை. வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எந்த ஸ்டியரிங்கையும் தொடுவார்.

ஒரு சுற்று வந்து இறங்கி, "சோக்கா கீது தம்பி," என்றார்.

"ரெண்டு மிதி கேக்குதேண்ணே?"

"என் வேன் மூணு கேக்கும். கால் பழகிக்கினா போதும்."

அவர் விளையாடவில்லை. அந்த வேனில் தினமும் பெண்கள் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள்.

என் பிழையை உடனே கண்டுபிடித்தேன்: டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களை இடம் வலம் மாற்றி மாட்டியதில், காற்றை வெளியேற்றும் திருகு அடிப்பக்கம் போய், பிரேக் ஆயிலுக்குள் காற்று தங்கிவிட்டது; முதல் மிதி அந்தக் காற்றை அமுக்கவே போனது. ஆனால் வண்டியைச் சரிசெய்யாமல் காலைப் பழக்கிக்கொண்ட அந்த மனிதர் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் கார் காத்திருக்கட்டும். அடுத்த ஷிப்டுக்கு முன் அவர் வேனின் பிரேக்கைப் பார்க்க வேண்டும். சாவி கேட்டேன். "ஓடுற வண்டிய இன்னாத்துக்கு நோண்டுற?" என்கிறார்.

சக்கரத்தைக் கழற்றச் சாவி தேவையில்லை. ஜாக்கியோடு போகிறேன்.