இடப்பக்கத்துப் பழைய பல்பு

1. விசாரணை

ஏழுமலை தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக மேனேஜர் எழுதி முடித்திருந்தார். வேலைநீக்கக் கடிதத்தில் மேனேஜரின் கையெழுத்து ஒன்றே பாக்கி. அது விழுந்துவிட்டால் வேலை போய்விடும்.

"பின்னாடி ஆளு கைய வச்சிருக்கும்போது ரேஸ் குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேன் சார். ரெண்டு தபா குடுத்தேன்."

"பாத்தீங்களா, அவனே சொல்றான்."

"குடுக்காம எப்படி சார் வண்டிய எடுக்கறது?"

"திமிரப் பாரு!"

முந்தின நாள் காலை, ஏழுமலை ஓட்டிய டிராக்டருக்கும் அதன் டிரெய்லருக்கும் இடையே சிக்கி, தாவூது பாய் இடக்கையில் இரண்டு விரல்களை இழந்திருந்தார். டிராக்டரின் கொக்கியில் டிரெய்லரைப் பொருத்தி இரும்புப் பின்னை இறக்குவது அவர் வேலை. தண்டையார்பேட்டைக்காரர். பதினொரு ஆண்டுகளாக அதைச் செய்துவந்தவர்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எலக்ட்ரீஷியன் நீங்க சொல்லுங்க. பின் லைட்டு எரிஞ்சுதா?"

"நன்றாகவே எரிந்தது, ஐயா."

உண்மையைத்தான் சொன்னேன். விளக்கில் பழுதில்லை என்றால் பழுது ஓட்டியவனிடம் என்றாகிவிடும் என்பது சொல்லி முடித்த பிறகே உறைத்தது. ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ கேட்க வந்து, என்ன கேட்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

2. வெள்ளை வெளிச்சம்

அது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் பிற்பகுதி. துறைமுகத்தில் இறங்கும் உர மூட்டைகளைத் திருவொற்றியூரிலிருந்த எங்கள் கிடங்குகளுக்குக் கொண்டுவர ஆறு டிராக்டர்கள் ஓடின. கூரைவரை மூட்டை அடுக்கிய கிடங்கில் நண்பகலிலும் இருள்தான். வண்டியின் பின்புறத்து ஒர்க் லைட்டை நம்பியே கொக்கி மாட்டுவார்கள்.

பழைய ஹாலஜன் பல்புகளால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. குண்டும் குழியுமான சாலையில் ஃபிலமென்ட் அறுந்துபோகும். சூட்டில் ஹோல்டர் உருகும். வாரம் ஒரு பாட்டரி படுத்துவிடும். வண்டி ஐட்லிங்கில் நின்றால் விளக்கு மங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து ரேஸ் கொடுத்தால் ஏறும். அந்த ஏற்ற இறக்கம் என் வேலைக்கே இழுக்கு என்று எண்ணியிருந்தேன்.

எல்இடி விளக்குகள் அப்போதுதான் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வாகன உதிரிபாகக் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. ஒரு ஹாலஜன் தின்னும் மின்சாரத்தில் மூன்று எல்இடி எரியும். மேனேஜரிடம் அனுமதி பெற்றேன். டிரைவர்களிடம் கருத்துக் கேட்டேன். ஐந்து வண்டிகளுக்கு ஹெட்லைட்டும் ஒர்க் லைட்டும் மாற்றினேன். ஆறாவது வண்டி கியர்பாக்ஸ் வேலைக்குப் போயிருந்தது.

முதல் வண்டியின் ஸ்விட்சைப் போட்டதும் கிடங்கே வெளுத்தது.

"இன்னா சாமி, கல்யாண மண்டபம் மாதிரி கீது! பொண்ணு எங்க?" என்றார் ஏழுமலை. நான் நாள்தோறும் நீறணிந்து வருவதால் அங்கே எல்லோருக்கும் சாமிதான்.

தாவூது பாய் மட்டும் கொக்கியருகே நின்று விளக்கையே உற்றுப் பார்த்தார். "வெளிச்சம் ஜோரா கீது சாமி. ஆனா செத்தவன் கண்ணு மாதிரி அசையாம கீதே."

"அசையாமல் இருப்பதுதான் பாய் இதன் சிறப்பே," என்றேன்.

"பாய்க்குக் கண்ணடிக்கிற லைட்டுதான் வோணுமாம்!" என்றார் ஏழுமலை. எல்லோரும் சிரித்தோம், பாயும் சிரித்துவிட்டுப் பின்னைத் தூக்கிக்கொண்டு போனார். இறைவனை ஒளியென்றே பாடும் பதிகங்களை ஓதி வளர்ந்தவன் நான். ஒளி கூடுவதால் ஒருவருக்குத் தீங்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விபத்து நடந்தது அதிலிருந்து ஒன்பதாம் நாள்.

3. பாய் சொன்னது

விசாரணை முடிந்த மாலையே மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த பாய் என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

"ஏழுமலைய தூக்கப்போறாங்களாமே? வோணாம்னு சொல்லு சாமி. அவன் மேல தப்பு இல்ல. அவன் குடுத்திருப்பான், எனக்குத்தான் தெரியல."

"எதைக் கொடுத்திருப்பான்?"

"ரேஸ்தான். வண்டிய எடுக்கறதுக்கு முன்னால ரெண்டு தபா ரேஸ் குடுப்பானுங்க. வெளக்கு பளிச்சு பளிச்சுன்னு ஏறும். கைய எடுத்துடுவேன். இன்னும் வேலை கீதுன்னா மட்கார்டுல தட்டுவேன், நின்னுடுவான். தட்டலன்னா போய்டுவான். புது வெளக்கு வந்த எட்டு நாளும் சக்கரத்தப் பாத்தே கைய எடுத்தேன், அன்னிக்குப் பழக்கத்துல வெளக்கையே நம்பிட்டேன்."

"சத்தம் கேட்காதா?"

"அத்தனை வண்டியும் உறுமிகினு கீது. எந்த வண்டி ரேஸுன்னு காதுக்கு எப்படித் தெரியும்? கண்ணுதான் சாமி அங்க காது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்இடி விளக்கினுள் ஒரு சிறு சர்க்யூட் உண்டு. வோல்டேஜ் இறங்கினாலும் ஏறினாலும் அது வெளிச்சத்தை ஒரே அளவில் நிறுத்தும். டிரைவர்கள் முன்னே பார்த்து அமர்ந்திருப்பவர்கள். தங்கள் பின்விளக்கு பேசுவதை நிறுத்திவிட்டது என்று அவர்கள் அறிய வழியில்லை. அறிந்திருந்தவர் ஒருவரே. அவர் சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

"அன்றே ஏன் விளக்கிச் சொல்லவில்லை, பாய்?"

"அது சாமிக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார்.

மறுநாள் விடியலில் ஒற்றியூர்க் கோயிலுக்குப் போனேன். ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்ற வாக்கை மீறியதால் இவ்வூர் எல்லையில் கண்ணொளி இழந்த அடியார் ஒருவரின் வரலாறு அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் அந்த வாக்கைக் கொடுத்த மகிழ மரத்தடியில் நின்றபோது, குற்றம் செய்தவன் நான், விரல் இழந்தவர் வேறொருவர் என்ற எண்ணமே மீண்டும் மீண்டும் வந்தது. அன்று பதிகம் பாதியில் நின்றுவிட்டது. ஏழுமலையை நீக்கும் கடிதம் பத்து மணிக்குக் கையெழுத்துக்குத் தயாராகிவிடும்.

4. கொக்கியருகே மேனேஜர்

"தவறு என்னுடையது, ஐயா," என்றேன்.

"நீங்க லைட்டு போட்டீங்க, அவன் ரேஸ் குடுத்தான். ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

வாயால் விளக்க முடியாது என்று தெரிந்தது. "பத்து நிமிடம் கிடங்குக்கு வாருங்கள். அதன்பின் கையெழுத்துப் போடுங்கள்," என்றேன்.

கியர்பாக்ஸ் வேலை முடிந்து அன்று காலைதான் ஆறாவது வண்டி திரும்பியிருந்தது. அதில் இன்னும் பழைய பல்பு. அதன் பின்னே மேனேஜரை நிறுத்தி, பாய் வைக்கும் இடத்தில் கையை வைக்கச் சொன்னேன். கியர் நியூட்ரலில் இருந்தது. சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுத்திருந்தேன். மற்ற வண்டிகளின் இஞ்சின்களையும் ஓடவிட்டு உறுமச் செய்தோம். இருமுறை ரேஸ் கொடுக்க ஏழுமலை ஏறி அமர்ந்தார்.

மஞ்சள் பல்பு இருமுறை பொங்கி எழுந்தது. யாரும் சொல்லாமலே மேனேஜரின் கை பின்வாங்கியது.

பிறகு எல்இடி வண்டி. அவர் கையை வைத்தார். வெள்ளை வெளிச்சம் சுவரில் எழுதியது போல நின்றது. அவர் காத்திருந்தார். அரை நிமிடம் சென்றது.

"இன்னும் குடுக்கலையா?" என்று கத்தினார்.

ஏழுமலை இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். "ரெண்டு தபா குடுத்துட்டேன் சார்."

மேனேஜரின் கை அப்போதும் கொக்கியின் மேலேயே இருந்தது. அதை அவர் குனிந்து பார்த்தார். கடிதத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

5. நான் கற்றது

எல்இடியை நான் கழற்றவில்லை. வேலைக்கு அது நல்ல விளக்குதான். ஒவ்வொரு வண்டியின் பின்னும் இடப்பக்கத்தில் ஒரு பழைய ஹாலஜன் பல்பைத் திரும்பப் பொருத்தினேன். புதிதாக வருபவர்கள் அதைக் கழற்ற மறந்த சாமான் என்று நினைத்தார்கள். ஒவ்வொருவரையும் கொக்கியருகே நிறுத்திக் காரணத்தைக் காட்டினேன்.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரு பொருளை மாற்றுமுன் அதை வாங்குபவரையும் ஓட்டுபவரையும் கேட்பீர்கள். அதன் எதிரே கை வைத்து வேலை செய்பவரையும் கேளுங்கள். அவர் இருக்குமிடத்தில் நீங்களும் ஒருமுறை நின்று பாருங்கள். நான் ஐந்து வண்டிகளுக்கு விளக்கு மாற்றினேன். ஒரு முறையும் அங்கே நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தாவூது பாய் திரும்பினார். மூட்டை எண்ணும் வேலை கொடுத்தார்கள். முதல் நாள், கொக்கியிலிருந்து ஆறடி தள்ளி நோட்டுடன் நின்றிருந்தார். ஏழுமலை வண்டியை எடுக்குமுன் ரேஸ் கொடுத்தார். இடப்பக்கத்து மஞ்சள் பல்பு இருமுறை ஏறியது. நோட்டு கீழே விழ, பாய் விரல் குறைந்த அந்தக் கையைச் சட்டென்று மார்போடு சேர்த்துக்கொண்டார்.