காலியாகத் தெரிந்த ஃபோல்டர்

அந்த மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அருள்புரத்தில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அவருக்கு மௌஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அந்தப் பாவம் வேறு.

துணி வெட்டுவதற்கான அளவு வடிவத்தைப் பேட்டர்ன் என்பார்கள். முன்பெல்லாம் அதை அட்டையில் வெட்டி கட்டிங் ஹாலில் வரிசையாக ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஆணி காலி என்றால் அட்டையை யாரோ தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வேறு கம்பெனிக்குப் போகிற பேட்டர்ன் மாஸ்டர்களில் சிலர் அட்டைகளைச் சுருட்டி எடுத்துப் போவதும் உண்டு. அதனால் ஒரு மாஸ்டர் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டால், மறுநாள் அவர் வருவதற்கு முன்பே மேனேஜர் போய் ஆணிகளைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

பிறகு அட்டைகள் போய் பேட்டர்ன்கள் கம்ப்யூட்டருக்கு வந்தன. அவை கட்டிங் கட்டடத்தில் ஒரு கணினியில் இருந்தன. ஆபீஸில் இருந்த லினக்ஸ் சர்வர் அந்தக் கணினியோடு இணைந்து எல்லோருக்கும் அவற்றைக் காட்டும். ஆனால் கட்டிங் கட்டடத்தில் கரண்ட் போனால் சர்வரும் அதன் பதிலுக்குக் காத்துக்கொண்டு அப்படியே உறைந்து நிற்கும். அன்றைய மின்வெட்டில் இது தினப்படிக் கூத்து.

அதனால் ஒரு மாற்றம் செய்தேன். யாராவது ஒரு ஃபோல்டரைப் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் சர்வரின் மைய நிரலான கெர்னல் அந்த நொடியில் அதை இணைக்கும். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகக் கழற்றிவிடும். கழற்றுவதால் எதுவும் அழியாது. கோப்புகள் கட்டிங் கட்டடத்தில் பத்திரமாக இருக்கும். ஆபீஸில் பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் அந்த இடம் காலியாகத் தெரியும். பெயரைச் சொன்னால் மறுபடி வந்து நிற்கும். இதைச் செய்து முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர். அவர் கணவரும் அங்கேயே அயர்னிங்கில் இருந்தார். காலையில் அக்கா மென்பொருளைத் திறந்தால் அது எல்லா ஃபோல்டர்களையும் ஒரு சுற்றுத் தொட்டுவிடும், மாலை வரை தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருவரும் அந்த இடத்தைக் காலியாகப் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை அக்கா, வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் நின்றுகொள்கிறேன் என்று சொன்னார்.

திங்கட்கிழமை அக்கா வருவதற்கு முன்பே மேனேஜர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். ஞாயிறு முழுக்க யாரும் தொடாத ஃபோல்டர்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஒன்றும் இல்லை.

பஸ் கிடைக்காமல் நான் பத்தரைக்குப் போனபோது கேட்டில் கூட்டம். அக்காவின் பையைத் தரையில் கொட்டி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வாட்ச்மேன் கிளறிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில் இருப்பதைச் சோற்றுக்குள் தேடுகிறார்கள்! அயர்னிங் ஆட்கள் முன்னால் அவர் கணவர் தலை குனிந்து நின்றார்.

"நான் எதையும் தொடல, சாமி சத்தியமாச் சொல்லுதேன்," என்று அக்கா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் விளங்கியதும் ரத்தம் கொதித்தது. மேனேஜரை உள்ளே இழுத்துப் போகாத குறையாகக் கூட்டிப்போய் ஒரு ஃபோல்டரின் பெயரை அடித்தேன். திரையில் அதிலிருந்த அத்தனை பேட்டர்ன்களும் வந்தன. அடுத்த பெயர், அதற்கடுத்தது. எல்லாம் இருந்தன.

"அட, இருக்குதுங்களே! அப்ப நல்லதாப் போச்சுங்க. போய் வேலயப் பாக்கச் சொல்லுங்க," என்றார்.

"அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"அதெல்லாம் எதுக்குங்க? அந்தக் கம்பெனிக்கு வேற போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன், பேட்டர்னத் தூக்கிட்டு வருது, பாத்துக்குங்கன்னு."

போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "மறுபடி பண்ணுங்க. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

"நானா? நாலு கம்பெனிக்காரங்க சிரிக்கறதுக்குங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க."

என் வாயில் வந்ததை எல்லாம் அன்று பேசினேன். அதில் ஒன்றையும் இப்போதும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். பிறகு நானே அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து நடந்ததை விளக்கினேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரியாத்தானுங்க இருக்கும். இருந்தாலும் எதுக்குங்க வம்பு? நாங்க வேற ஆளப் பாத்துக்கறோங்க," என்று வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் லைனில் இருந்திருந்தால் அவரையும் திட்டியிருப்பேன்.

வெளியே வந்து அக்காவிடம் நடந்ததையும், அந்தப் புது வேலை போனதையும் சொன்னேன். அவர் கொட்டியவற்றைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மேனேஜரைப் பற்றி நான் பொரிந்து தள்ளியதை நிமிராமல் கேட்டார். பிறகு, "இப்படிக் காலியாத் தெரியும்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா தம்பி?" என்றார்.

"தெரியுங்கக்கா."

"காலியாத் தெரியாம வைக்க வழி இல்லியா?"

இருந்தது. இணைக்காத நேரத்திலும் பெயர்களை மட்டும் காட்டும்படி சர்வரின் செட்டிங்கில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். காலியாக இருந்தால்தான் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று சேர்க்காமல் விட்டிருந்தேன். இந்த ஆட்களுக்கு இதைச் சொன்னால் புரியவா போகிறது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

"இருந்துச்சுங்கக்கா," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா, பேரச் சொல்லிக் கேளுங்கன்னு நானே அவங்க கண்ணு முன்னால தொறந்து காட்டிருப்பனே," என்றார். சோற்று டப்பாவைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.