பெரட்டுக் களத்தில் என் வயிறு பேசிய காலை

பதினெட்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கும் வெல்பேர் ஒபிசராக இருந்தேன். அந்தப் பதினெட்டு வருடத்தில் எங்கள் மக்கள் கடைசிவரை காது கொடுத்துக் கேட்ட ஒரே சுகாதாரப் பேச்சை நிகழ்த்தியது நானல்ல, என் வயிறு. நூற்றுச் சொச்சம் பேர் முன்னால், ஒலிபெருக்கி இல்லாமல், எனக்கே முன்னறிவித்தல் தராமல். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வெட்கம் அந்தக் களத்திலேயே என்னை விட்டுப் போய்விட்டது என்பதும் ஒரு வசதி.

1. கொம்பு வைத்த கிருமி

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம். இரண்டாயிரத்து இரண்டாம் வருடம். நான் இன்னும் நிரந்தரமாகாத தற்காலிக ஒபிசர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கிருமியைக் கொல்லுங்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்வதுதான் மூன்று வருடமாக என் வேலை. கையில் ஒரு போஸ்டர். அதில் கிருமிக்கு இரண்டு கொம்பு, கோரைப்பல், சிவந்த கண். நானே வரைந்தது. பிள்ளைகள் பயந்தார்களோ இல்லையோ, கிருமியின் முகம் தன்னைப் போல இருப்பதாக, ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி முறைப்பாடு வைத்தார்.

அப்போதுதான் ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு எடுத்தவர் எங்கள் வேலையை மேற்பார்வை செய்யும் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். என் போஸ்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன ஐசே, கிருமியெல்லாம் கூடாது எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"நீங்கதான் சேர். போன வருஷம்."

"அது போன வருசம்" என்றார், முகம் மாறாமல்.

பிறகு விளக்கினார். குடலுக்குள் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. தயிர், யோகட் மாதிரிப் புளித்த சாப்பாட்டில் உயிரோடு உள்ளே போகும் நல்ல கிருமிக்கு புரோபயோடிக் என்று பேர். அந்தக் கிருமி தின்பதற்கு நாம் அனுப்பும் சாப்பாடு பிரீபயோடிக். வெங்காயத் தாளின் தடித்த உறவான லீக்ஸ், வெங்காயம், பூண்டு, அரைப்பழமான வாழைப்பழம் ஆகியவற்றில் இருக்கும் ஒருவகை நார்ச்சத்து அது. நமக்குச் செரிக்காது, அதுகளுக்கு விருந்து.

முடிவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்கள் பால் முழுவதையும் விலைக்கு வாங்க வரும் லொறிக்கு ஊற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பிளேன்டீயும் கொடுப்பது அவருக்குத் தெரியும்.

"பத்துக் குடும்பம் தினம் ஒரு கோப்பைப் பாலை நிப்பாட்டி வீட்டில தயிர் உறைய வைக்கிறம் எண்டு பேர் தரவேணும். வாற மாசம் முதல் வெள்ளிக்கிழமை நான் உங்கட பெரட்டுக்கே வந்து பாப்பன். பத்துப் பேர் இல்லையெண்டால் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுத ஏலாது. விளங்குதோ?"

விளங்கியது. வீட்டில் மனைவிக்கு இன்னும் வேகமாக விளங்கியது.

2. அங்க யாரு கங்காணி?

பெரட்டு என்பது காலையில் ஆட்கள் எல்லாரும் களத்தில் கூடி, பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக்கொண்டு போகும் நேரம். பத்து நிமிடம் பேசக் கணக்கப்பிள்ளை அனுமதி தந்தார். நான் இரவெல்லாம் யோசித்த உவமையை இறக்கினேன்.

"நம்ம வயிறு ஒரு தோட்டம்னு வச்சுக்கங்க. நல்ல கிருமிங்கதான் தொழிலாளிங்க. அதுங்க வேல செய்யணும்னா சாப்பாடு அனுப்பணும்."

முன்வரிசையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த இராசம்மா நிமிர்ந்தார். கொழுந்து எடுப்பதில் அவருடைய கையும் வாயும் ஒரே வேகம்.

"அங்கயும் தோட்டந்தானா? பாவம் அதுங்க. யாருங்கய்யா அங்க கங்காணி?"

களம் சிரித்தது. பெரிய கங்காணி என்னை முறைத்தார். போஸ்டர் விஷயம் இன்னும் ஆறவில்லை.

"போன வருஷம் கிருமியக் கொல்லுங்கன்னீங்க. நாங்களும் வெறகு பொறுக்கி, ஊதி ஊதிக் கொன்னோம். இந்த வருஷம் அதுக்கே சோறு போடுங்கன்றீங்க. அடுத்த வருஷம் அதுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணுங்களா?"

"தண்ணியில இருக்கிறது வேற, தயிர்ல இருக்கிறது வேற..."

"சரிங்க. ஐயா தின்னு காட்டுங்க. ஒரு வாரம். ஐயாவுக்கு ஒண்ணும் ஆவலேன்னா நாங்களும் யோசிக்கிறோம்."

இங்கேதான் நான் புத்திசாலியாக இருந்திருக்க வேண்டும். தினம் ஒரு கரண்டித் தயிர் என்று ஒத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு வாரம் என்ன, தயிர், லீக்ஸ், வெங்காயம், எல்லாத்தையும் ஒண்ணாவே திங்கிறேன்" என்று அறிவித்தேன். டொக்டர் வரும் வெள்ளிக்கிழமைக்குச் சரியாக ஆறு நாள் இருந்தது.

3. லீக்ஸ் வாரம்

அதுவரை என் சாப்பாடு பேக்கரிப் பாண், பருப்பு, மாலையில் இரண்டு மாரி பிஸ்கட். நார்ச்சத்து என்பது நான் பிறருக்குச் சிபாரிசு செய்யும் பொருள்.

தயிரே முதல் இரண்டு நாள் உறையவில்லை. பாலைக் கொதிக்க வைத்த கையோடு, கொதி அடங்குமுன் உறையை ஊற்றிவிட்டேன். உயிருள்ள கிருமியைப் பற்றிப் பேசிக்கொண்டு அதை வேகவைத்த ஒரே சுகாதார உத்தியோகத்தர் நான்தான். மூன்றாம் நாள் ஆற விட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, குளிருக்கு என் கம்பளியைச் சட்டிக்குச் சுற்றி அடுப்போரம் வைத்தேன். அற்புதமாக உறைந்தது. நானும்தான், கம்பளி இல்லாமல்.

உற்சாகம் தலைக்கு ஏறியது. இழந்த இரண்டு நாளையும் ஈடுகட்ட வேண்டுமே! காலையில் பெரட்டில் எல்லாரும் பார்க்க ஒரு கிண்ணம் தயிரில் பச்சை லீக்ஸ் அரிந்து போட்டுத் தின்றேன். மத்தியானம் வெங்காயச் சம்பல், பூண்டு. மாலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் நின்று அரைப்பழமாக நான்கு வாழைப்பழம். இராசம்மா கூடையை இறக்கிவிட்டு, ஏதோ கூத்துப் பார்ப்பது போல நின்று பார்ப்பார்.

வியாழக்கிழமை, தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் பண்டார என்னைப் பெக்டரி வாசலில் மறித்தார். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம்.

"மாத்தயா, கோவிக்க வேணாம். இந்த வேலை முடியிற வரைக்கும் உள்ளுக்கு வராதீங்க. பெரிய தொர தேத்தண்ணி டேஸ்ட் பண்ணினா எனக்குத்தான் பிரச்சினை."

அன்று மாலையே வயிற்றுக்குள் சில ஆலோசனைக் கூட்டங்கள் தொடங்கியிருந்தன. நான் அதை முன்னேற்றம் என்று நினைத்தேன். பேர் கொடுத்தவர்கள் அதுவரை பூச்சியம்.

4. வெள்ளிக்கிழமை

டொக்டர் ஜீப்பில் வந்து கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் ஆரம்பித்தேன்.

"நல்ல கிருமிகள் நமக்குத் தெரியாமலே, சத்தமில்லாம..."

பஸ் ஒன்று கியர் மாற்றி மேட்டில் ஏறுவது போல ஒரு சத்தம். இரண்டு பேர் திரும்பிப் பாதையைப் பார்த்தார்கள். பஸ் வரவில்லை.

நான் குரலை உயர்த்தினேன். வயிறும் உயர்த்தியது.

"ஐயா, அதுங்களும் பெரட்டுக்கு வந்துருச்சுங்க போல" என்றார் இராசம்மா. "பேரு கூப்புடுங்க!"

களம் குலுங்கியது. கணக்கப்பிள்ளை பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாவது சத்தத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். அது வயிற்றிலிருந்து வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். முன்னால் படுத்திருந்த நாய் எழுந்து போனது. நான் நாயைப் பின்பற்றிக் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினேன்.

அங்கே சாக்குகளுக்கு நடுவே குந்தியிருந்து, என் நிரந்தர வேலை கண்ணெதிரே கரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டொக்டரின் குரல் வந்தது.

"இந்த மனுசன் என்ன சாப்பிட்டவர்?"

ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பட்டியல் சொன்னார்கள்.

"ஒரு கிழமையிலயோ? கடவுளே! பிள்ளையள், வடிவாக் கேளுங்கோ. உள்ளுக்க இருக்கிற கிருமிக்குத் திடீரெண்டு இவ்வளவு சாப்பாடு போட்டால் அது காத்தை விடும். முதல் கிழமை ரெண்டு கரண்டித் தயிர் போதும். லீக்ஸைக் கறியில கொஞ்சமாப் போடுங்கோ, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. தண்ணியை வழமை போலக் கொதிக்க வைச்சுத்தான் குடிக்க வேணும். பிள்ளைக்கு வயித்தோட்டம் எண்டால் தயிரை நம்பி வீட்டில இருக்காமல் டிஸ்பென்சரிக்கு வரவேணும்."

"அப்ப அந்தக் கிருமி நெசமாவே உசுரோட இருக்குங்களா?" இது இராசம்மா.

"இதை விட என்ன சாட்சி வேணும், அம்மா?"

மறுபடி சிரிப்பு. நான் வெளியே வந்தபோது கணக்கப்பிள்ளையின் மேசை முன்னால் வரிசை நின்றது. பதினாலு குடும்பம். முதல் பேர் இராசம்மா.

டொக்டர் ஜீப்பில் ஏறும்போது என் தோளைத் தொட வந்து, யோசித்து, கையை இழுத்துக்கொண்டார். "எழுதுறன்" என்றார். எழுதினார். அடுத்த மாதம் நிரந்தரமானேன்.

இதிலிருந்து நான் கற்றது இவ்வளவுதான். புதிதாக எதையும் வயிற்றுக்குள் மெதுவாகவே அனுப்ப வேண்டும். ஜனங்களிடமும் அப்படியே. சொல்கிறவன் முதலில் தானே செய்து பார்த்து, அவமானப்பட்டாலும் களத்தில் நின்றால் ஆட்கள் நம்புவார்கள். இதைப் பல பயிற்சி வகுப்புகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நான் வேலையை விட்டுப் போகும் நாளில் நடந்த சிறிய தேத்தண்ணி விருந்திலும் சொன்னேன். அன்றைக்கு என் உடம்பே சாட்சி சொன்னதால்தானே நீங்கள் எல்லாரும் நம்பிப் பேர் கொடுத்தீர்கள் என்று இராசம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"நம்பியெல்லாம் இல்லீங்கய்யா. நாங்க பேரு குடுக்காட்டி ஐயா இன்னொரு வாரம் லீக்ஸ் தின்னுருப்பீங்க. கொழுந்து நெறுக்குற எடத்துல மனுசங்க நிக்க வேணாங்களா?"