பீலியில் இலை அள்ளிய சனிக்கிழமை

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்னுக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வேலிக்கு அப்பால் மாடுகள் மேய்ந்தன. முதல் குளிர்காலத்தில், கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்குள் யூக்கலிப்டஸ் இலைகள் அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் முகட்டுக்குள் இறங்கி, அம்மாவின் கட்டிலில் சொட்டியது. அதனால் அடுத்த மே மாதம், மழை பிடிக்கும் முன்பே, ஒரு சனிக்கிழமை மாமா பழைய வாளியோடு கூரையில் ஏறினார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அப்போது இருவரும் பேசாமல் மூன்று கிழமைகள் ஓடியிருந்தன. மாமாவின் அலுவலகத்தில் தட்டச்சு செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்திதான் காரணம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாமா எதிரில் இருக்கும்போதே, "மாமாவைச் சாப்பிடச் சொல்லு" என்பார் அம்மா. எட்டு வயதில் எனக்கு அது பெரிய உத்தியோகம்.

ஏணியைச் சுவரில் சாத்தியபடி விடக்கூடாது, என் சின்னத் தம்பி ஏறிவிடுவான் என்பது அப்பாவின் கட்டளை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் அவர் சொல் தவறாதவள். ஏணியைத் தள்ளிப் புல்லில் விழுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "அக்கா, ஏணியைக் காணேல்லை!"

அம்மா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு வந்து, விழுந்து கிடந்த ஏணியைப் பார்த்தார். நான் அழ ஆயத்தமாகி அதைத் தூக்கப் போனேன்.

"விடு பிள்ளை. உனக்குப் பாரம்."

அவரும் அதைத் தொடவில்லை. ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்து நேரடியாகவே கேட்டார். "ஊரில எங்கட அம்மா அறிஞ்சா என்ன செய்வா எண்டு யோசிச்சனியோ?"

"நீங்கள் எழுதினா அம்மா கேட்பா, அக்கா."

"அந்தப் பிள்ளை எங்கட சாப்பாடு சாப்பிடுமோ?"

"போன மாதம் நண்டுக்கறி வச்சுக் குடுத்தனான். மூக்காலயும் கண்ணாலயும் தண்ணி ஓடினது. பிறகும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள்."

"நீயோ சமைச்சனி? உப்பு?"

"கூடிப் போச்சு."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவரது தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். பிறகு பேச்சு தணிந்த குரலில் நீண்டது. மாமா பீலியின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா, ஓம்" என்றார். வெயில் வேலியைத் தாண்டியபோது அம்மா எழுந்து, தானே ஏணியை நிமிர்த்தி வைத்தார்.

"இறங்கி வா. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. நண்டை நான் சமைக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை பின்பக்கப் பீலி மிச்சமிருந்தது. பாவத்துக்குப் பரிகாரமாக, நான் ஏணியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். மாமா அந்தப் பக்கமே வரவில்லை. பின்னால் விறகுக் கொட்டிலின் கூரையில் கால் வைத்து, அடுக்கியிருந்த விறகில் மிதித்து, நாலே எட்டில் நிலத்துக்கு வந்துவிட்டார்.

"ஏணி விழுந்த அண்டைக்கும் இதால இறங்கியிருக்கலாமே, மாமா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா துவைத்த உடுப்புகளை மிகவும் கவனமாகக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

பாவம், மாமாவுக்கு ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டேன்.