பாஸுக்கு ஒரு போட்டோ

ஊரடங்கில் அரியலூரில் என் போட்டோ ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. பால் சொசைட்டியில் வேலை பார்த்த தம்பி மட்டும் பைக்கில் பாஸ் ஒட்டிக்கொண்டு தினமும் போய்வந்தான். எனக்கு வயிறு எரிந்தது. தாலுகா ஆபீஸில் நானும் பாஸ் கேட்டேன்.

"போட்டோ அத்தியாவசியம் இல்லீங்க, வூட்டுக்குப் போங்க" என்றார் கிளார்க்.

மறுவாரம் அவரே போன் செய்தார். "புது பாஸுக்குப் போட்டோ ஒட்டணுமாம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கடையைத் திறங்க சார்."

வரிசையில் தம்பிதான் முதலில் நின்றான். அவன் கண் மூடியிருந்த படத்தையே வேண்டுமென்றே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

"பரவால்லண்ணே, போலீஸுக்கெல்லாம் என்னைத் தெரியும்" என்று சிரித்தான்.

வெட்கப்பட்டு வேறொரு படம் எடுத்துக் கொடுத்தேன். பொறாமை மட்டும் போகவில்லை.