ரைமோவின் பத்து மீட்டர்

ரைமோ கெட்டுனெனுக்குக் கீழே சண்டை போடுவதைவிட அவரை எதிர்த்துச் சண்டை போடுவது எவ்வளவோ மேல் என்று அவருடைய ஆட்களே சொல்வார்கள். சண்டை கணினியில்தான். ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கண்டபடி ஓடுகிற விளையாட்டு இல்லை அது. பதினான்கு டாங்கிகள் கொண்ட ஒரு கம்பெனி. நான்கு நான்காக மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றையும் ஓர் ஆள் தன் வீட்டிலிருந்தபடி நடத்த வேண்டும். மிச்சம் இரண்டு கமாண்டருக்கு. குண்டு தீர்ந்தால் லாரி வந்து சேர இருபது நிமிடம் ஆகும். வேகமாக ஓட்டினால் கிளம்புகிற புழுதி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனிடம் காட்டிக் கொடுத்துவிடும். ஹமீன்லின்னா ஊர்க் கிளப்பில் இந்தக் கமாண்டர் நாற்காலியில் ரைமோ ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தார்.

வயது ஐம்பத்தெட்டு. வேலை பஸ் டெப்போவில், எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று பட்டியல் போடுவது. பட்டியலைப் போட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்தால் அவர் ரைமோ இல்லையே. வண்டி கிளம்பிவிட்டதா, ரயிலடியைத் தாண்டியாகிவிட்டதா என்று ஓட்டுநருக்குப் போன் போடுவார். வண்டி ஓடும்போது ஓட்டுநர் போனை எடுக்கக் கூடாது என்று டெப்போவில் ஒரு விதி உண்டு. எழுதியவரும் ரைமோதான். எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்பவரும் அவரேதான்.

விளையாட்டிலும் இதே கூத்து. கமாண்டர் நினைத்தால் யாருடைய டாங்கியையும் தொட்டு நகர்த்தலாம் என்று அதில் ஒரு வசதி இருந்தது. அந்த வசதியை வைத்தவனை இரண்டாம் பிரிவின் யோன்னி சபிக்காத சனிக்கிழமை கிடையாது. யோன்னி பல் டாக்டர், பொறுமையான மனுஷர். அவரையே இப்படிப் பேச வைத்துவிட்டார் ரைமோ:

"என் மூணாவது டாங்கியை நகர்த்தினது நீயா?"

"பத்து மீட்டர்தான்."

"அது பள்ளத்துல பதுங்கி இருந்துச்சு. இப்ப மேட்டு மேல நிக்குது."

"அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பார்க்க வேண்டாமா?"

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அவங்களும் பார்த்துட்டாங்க. எரியுது, அதையும் பாரு."

ஒவ்வொரு நவம்பரிலும் பக்கத்து நாட்டு ஸ்வீடன்காரர்களின் கிளப்போடு ஒரு போட்டி உண்டு. மற்ற நாட்டுக்காரர்களிடம் தோற்றால் பரவாயில்லை. ஸ்வீடனிடம் தோற்றுவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்க் காப்பி குடிப்பது லேசான காரியம் இல்லை. ஐந்து வருடமாகத் தொடர்ந்து அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அக்டோபர் கூட்டத்தில் கறாராக முடிவு செய்தார்கள்: இந்த வருடமும் தோற்றால் கமாண்டர் வேலை ஹெலிக்குப் போகும்.

ஹெலி வைனிக்கா முதல் பிரிவை நடத்துகிறவள், மழலைப் பள்ளி ஆசிரியை. பனிக்காலத்தில் இருபத்திரண்டு குழந்தைகளுக்குக் கோட்டும் பூட்ஸும் கையுறையும் மாட்டி, ஒன்றும் தொலையாமல் வெளியே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவளுக்கு நான்கு டாங்கி எம்மாத்திரம். ரைமோவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் பயம். டெப்போவில் அவருக்கு மேலே ஏழு பேர். ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்த பதினோரு மாதமும் டாங்கிக்குள் குண்டு எடுத்துக் கொடுக்கிற கடைசி ஆள். அவரைக் கமாண்டர் என்று கூப்பிட உலகத்திலேயே இந்த ஓர் இடம்தான் இருந்தது.

போட்டிக்கான நேரம் ஹெலி மூலமாக வந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை.

"அஞ்சு மணியா? எனக்கு ஆறு மணிக்கு சவுனா முறை," என்றார் ரைமோ.

"ஸ்வீடன்காரங்க கேட்டாங்க. நான் என்ன பண்ண?" என்றாள் ஹெலி.

ரைமோ இருந்த குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு சவுனா, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்காருகிற குளியலறை. சனிக்கிழமை ஆறு மணி முறை என்பது ஆறு வருடம் காத்திருந்து வாங்கியது. முன் வீட்டுக் கிழவர் இறந்த பிறகுதான் கிடைத்தது. விளையாட்டு நீண்டுபோய் ரைமோ ஏற்கெனவே மூன்று சனிக்கிழமை அதைத் தவறவிட்டிருந்தார். மனைவி சிர்பா அதைக் கணக்கு வைத்திருந்தாள்.

போட்டி தொடங்கி முக்கால் மணி நேரத்தில் ரைமோ இரண்டு டாங்கிகளைத் தொலைத்துவிட்டார். இரண்டும் பிர்ச் மரங்களுக்கு நடுவே வசதியாக ஒளிந்து நின்றவை, இரண்டுமே பத்து பத்து மீட்டர் முன்னால் போனவை. மீதிப் பன்னிரண்டும் பின்வாங்கி, நீளமான ஒரு மேட்டின் பின்சரிவில் போய் நின்றன. அங்கே நின்றால் எதிரிக்கு இவர்களைத் தெரியாது, இவர்களுக்கும் எதிரியைத் தெரியாது. அவன் மேட்டின் உச்சியைத் தாண்டித் தலையைக் காட்டுகிற நொடியில் சுட வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ரைமோவுக்கு ஆகவே ஆகாத வேலை அது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டது. எந்த டாங்கியை அனுப்பி எட்டிப் பார்க்கலாம் என்று அவர் கை துறுதுறுத்தபோது சிர்பா துண்டுகளோடு வந்து நின்றாள்.

"மணி ஆறு."

"ஒரே ஒரு மணி நேரம், சிர்பா. இன்னிக்கு மட்டும்."

"போன வாரமும் இன்னிக்கு மட்டும்தான். நான் தனியா உட்கார்ந்து கல்லு மேல தண்ணி ஊத்திட்டு இருந்தேன். நீ வரலைன்னா திங்கட்கிழமையே இந்த முறை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுவேன். மூணாவது மாடிக்காரங்க வாயைப் பிளந்துட்டு நிக்கிறாங்க."

"நான் எழுந்து வந்தா இதுங்க கதி என்ன ஆகும்னு உனக்குப் புரியல."

"என்ன ஆகும், அழுமா?"

ரைமோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பை ஹெலிக்கு மாற்றினார். கூடவே பதினோரு கட்டளைகள் அடித்து அனுப்பினார். ஏழாவது கட்டளை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டாங்கியாவது மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்பது. "படிச்சுட்டேன், போ," என்று வந்தது பதில். படித்திருக்க வழியே இல்லை, இரண்டு நொடிதான் ஆகியிருந்தது.

சவுனாவின் மேல்பலகையில் உட்கார்ந்து அவர் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. இருட்டு, சூடு, ஜன்னல் கிடையாது. சிர்பா தண்ணீர் ஊற்றினாள், ஆவி வந்து காதைச் சுட்டது. மணி என்ன என்று கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"டாங்கிக்குள்ளயும் இப்படித்தான் கேட்டுட்டு இருந்தியா?" என்றாள் சிர்பா.

"அங்க இதைவிட மோசம். வெளியில சண்டைப் பயிற்சி நடக்கும். உள்ள நான் குண்டை எடுத்துக் கொடுத்துட்டு இருப்பேன். எதைச் சுடறாங்க, பட்டுச்சா படலையா, எவனும் சொல்ல மாட்டான். பதினோரு மாசம் ஒரு மண்ணும் பார்க்கலை."

"அதான் இப்ப எல்லாத்தையும் எட்டி எட்டிப் பார்க்கறியாக்கும்."

ரைமோ மூன்றாவது தடவையாக மணி கேட்டார். சிர்பா இன்னொரு அகப்பை தண்ணீரை ஊற்றினாள்.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு ஈரத் தலையோடு மேலே ஓடிவந்து ஹெட்போனை மாட்டினார். திரையில் முடிவு வந்திருந்தது. ஸ்வீடன் இழந்தது பதினொன்று. இவர்கள் இழந்தது மொத்தமே இரண்டு, அவர் தொலைத்துவிட்டுப் போன அதே இரண்டு. எண்கள் இடம் மாறிவிட்டனவோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அதற்குள் ஸ்வீடன் கமாண்டர் ஸ்டெல்லான் குரல் கொடுத்தார். இரண்டு தரப்புக்கும் பொதுவான உடைந்த ஆங்கிலத்தில் அவர் பேசியது இதுதான்:

"வாழ்த்துகள் ரைமோ. உன்கிட்ட இப்படி ஒரு பொறுமையை நான் எதிர்பார்க்கவே இல்லை. நீ எங்க போய் நின்னேன்னு தெரியாம, உன் மூக்கு எப்ப வெளிய வரும்னு நாப்பது நிமிஷம் அந்த மேட்டையே பார்த்துட்டு இருந்தோம்."

"என்ன மூக்கு?"

"ஒரு டாங்கி எப்பவும் எட்டிப் பார்க்குமே, அது. நாங்க அதுக்குக் கெட்டுனென் மூக்குன்னு பேர் வெச்சிருக்கோம். அது எங்க தெரியுதோ அங்க அடிப்போம், அவ்வளவுதான் எங்க திட்டம். எல்லா வருஷமும். இன்னிக்கு மூக்கே வரலை. சரி, மேட்டுல யாரும் இல்லைன்னு நெனச்சு வரிசையா ஏறினோம்."

ஒன்பது வருடம் யோசித்து யோசித்து வகுத்த வியூகங்களெல்லாம் அந்த ஆளுக்கு ஒரு மூக்காகத்தான் தெரிந்திருக்கின்றன. "நன்றி" என்று சொல்லிவைத்தார் ரைமோ.

"அடுத்த வருஷமாவது மூணு மணிக்கு வைங்கப்பா. அஞ்சு மணிதான் வேணும்னு நீங்க பிடிவாதம் பிடிச்சதுல என் சாப்பாடே கெட்டுப்போச்சு," என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லான் போய்விட்டார்.

ரைமோவின் ஆட்கள் மூன்று பேரும் இன்னும் இணைப்பில்தான் இருந்தார்கள்.

"ஹெலி."

"ம்."

"அஞ்சு மணி கேட்டது ஸ்வீடன்காரங்கன்னு நீ சொன்னே."

"சொன்னேன்."

மூன்றாம் பிரிவின் ஓஸ்ஸி வாயே திறக்காத ஆள். அவர் திறந்தார். "உன் சவுனா நேரம் நடுவுல வரணும்னு நாங்க ஓட்டுப் போட்டோம்," என்றார். "மூணு பேரும் ஒரே பக்கம்."

ரைமோவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. திட்டுவதற்காக வாயைத் திறந்தவருக்கு நடுவில் வேறொன்று உறைத்தது.

"தோத்திருந்தா நீதானே கமாண்டர்?"

"ஆமா," என்றாள் ஹெலி.

"நான் இருந்திருந்தா தோத்திருப்போம். அது உனக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்."

"பின்னே எதுக்கு என்னை அனுப்பினே?"

"தோத்துத் தோத்து வெறுத்துப் போச்சு ரைமோ. கமாண்டர் ஆகறதைவிட ஒரு தடவை ஜெயிக்கணும்னு இருந்துச்சு."

ஈரத் தலையிலிருந்து கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது. "அப்ப நீயே எடுத்துக்க," என்றார் ரைமோ. இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"வேண்டாம்," என்றாள் ஹெலி. "என் பேரைப் பார்த்தா அவங்க புதுசா யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. உன் பேரைப் பார்த்தா மூக்கைத்தான் தேடுவாங்க. நீயே கமாண்டரா இரு. ஆறு மணிக்கு மட்டும் இருக்காதே."

யோன்னி சிரித்தார். ஓஸ்ஸிகூடச் சிரித்த மாதிரி இருந்தது. ரைமோ ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். சிர்பா தொத்திறைச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? தோத்துட்டியா?"

"ஜெயிச்சாச்சு."

"அப்ப கமாண்டர் வேலை போகலையே. அப்புறம் என்ன?"

ரைமோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கடுகுச் சாந்து டப்பாவைத் திறந்தார், மூடினார்.

"அந்த ஆறு மணி முறை," என்றார். "அதை யாருக்கும் விட்டுக் கொடுத்துடாதே."